நீ போட வேண்டாத கையெழுத்து

கதிர்,

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிவிட்டது. வழக்கமாக நீ எழுதியது கைக்குக் கிடைத்த அன்று மாலையே பதில் எழுதி, மறுநாள் முதல் தபால் கட்டில் சேர்த்துவிடுவேன். இந்த முறை பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்துவிட்டேன். நீ கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் விடையை மட்டும் எழுதாதே, செய்முறையையும் எழுது என்று காலமெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகியவள் நான். இந்தக் கணக்குக்குச் செய்முறை கொஞ்சம் நீளம். உன் விடுதியில் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடியாது. சாப்பிட்டுவிட்டு வந்து படி.

உன் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று. சர்க்கார் எப்படிப் பொருள் வாங்க வேண்டும், எப்படி ஒப்பந்தம் விட வேண்டும் என்று சென்னையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி முடியப் போகிறது. நம் ஊர் டிவிஷன் ஆபீசில் ஓர் இடமும், ராமநாதபுரத்தில் ஓர் இடமும் காலியாக இருக்கின்றன. எது வேண்டும் என்று உன்னைக் கேட்கிறார்கள். இங்கே வருவதானால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆபீசில் வேலை எடுத்துச் செய்கிற உறவினர் எனக்கு யாரும் இல்லை, என் உறவால் யாரும் அங்கே லாபம் அடையவில்லை என்று. "மாமா தீபத் திருவிழாவுக்குத் தடுப்புக் கட்டை கட்டுகிற டெண்டரை விட்டுவிடுவதாகச் சொன்னாரே, நிஜமாகவே விட்டுவிட்டாரா அம்மா? நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். 'வீட்டுக்கு வந்துவிடுகிறேன்' என்ற வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ வெட்கப்படுவாய்.

நீ வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மேலே எழுதினால் நான் என்னவோ பெரிய மனம் படைத்தவள் என்று நினைத்துவிடுவாய். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சத்தமே இல்லை, கதிர். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்தான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்கும். ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுமாறுவார்கள். நான் அரிசி களைந்துகொண்டே சரியான விடையைச் சொல்வேன். பள்ளி விட்டதும் தெருவழியே ஓடுகிற பிள்ளைகளில் என்னிடம் படித்த ஒன்றிரண்டு பேர் ஓடிக்கொண்டே "வணக்கம் டீச்சர்" என்பார்கள். அதற்குப் பிறகு மறுநாள் பால்காரர் வரும்வரை என்னோடு பேச ஆள் கிடையாது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொல்லி முடிக்கும்போது நானும் பதிலுக்கு வணக்கம் சொல்கிறேன். சிரிக்காதே. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் நம் வாசல்படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். எந்த ஊர் என்று கேட்பேன், சொல்வார்கள். தண்ணீர் கேட்பார்கள், கொடுப்பேன். சொம்பைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த பௌர்ணமிக்கு வேறு ஆட்கள். இவ்வளவு பேர் வந்து போகிற ஊரில் 'சாப்பிட்டாயா' என்று கேட்பதற்கு ஒரு மனிதர் இல்லாமல் இருக்க முடியும் என்பதை நான் இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் உனக்கு 'லேசான ஜுரம்' என்று எழுதினேனே, அது லேசானது இல்லை. எழுந்து போய்க் கதவைத் திறக்க முடியவில்லை. பால்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான் எங்கோ ஊருக்குப் போயிருப்பதாக நினைத்துப் போய்விட்டார். உன் ஏழுமலை மாமாதான் மறுநாள் சந்தேகப்பட்டுப் பின்பக்கச் சுவரில் ஏறிக் குதித்து உள்ளே வந்தான். அந்த வயதில், அந்தத் தொப்பையோடு. என்னைப் பார்த்ததும் அவனுக்குப் பயத்தில் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா இது! ஒரு கொரலு குடுக்க மாட்ட? சாவறதா இருந்தா கூட லீவு லெட்டர் எழுதி வெச்சிட்டுத்தான் சாவியா நீ?" என்று கத்தினான். கத்திக்கொண்டே அழுதான். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என் தலைமாட்டில் உட்கார்ந்து, நர்ஸிடம் சண்டை போட்டு, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிவிட்டான். நீ இந்த ஊருக்கு வந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் அவன் மனத்தில் விழுந்தது. மேற்கொண்டு எழுதப் போவதைப் படிக்கும்போது, அந்தச் சுவரில் ஏறியவனும் இவன்தான் என்பதை மறக்காதே.

பிள்ளையார் சதுர்த்திக்கு நீ வந்திருந்தாய். உன் பயிற்சியைப் பற்றி நீ பேசிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. விலை எழுதிய கவரை ஏன் அரக்கு வைத்து மூட வேண்டும், எல்லாக் கவரையும் ஏன் ஒரே நேரத்தில், போட்டவர்கள் கண்முன்னால் திறக்க வேண்டும் என்று விளக்கினாய். "கையில காகிதம் இருக்கே, அப்புறம் எதுக்கு ஒவ்வொண்ணா சத்தம் போட்டு வாசிக்கணும்?" என்று நான் கேட்டேன். "எல்லார் காதுலயும் ஒண்ணா விழணும்மா. ஒருத்தருக்கு முன்னாடியே தெரிஞ்சு, இன்னொருத்தருக்கு அப்புறமா தெரியக் கூடாது" என்றாய். நல்ல மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தது மறக்காது. நல்ல ஆசிரியர் கிடைத்தால் காரணமும் மறக்காது. உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

பிறகு விளையாட்டாக ஒரு டெண்டர் நடத்திப் பார்த்தோமே. தீபாவளிக்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்க என்று வைத்துக்கொண்டோம். பிஸ்கட் டின்தான் பெட்டி. நானும் மாமாவும் விலை எழுதி ஆளுக்கொரு கவர் போட்டோம். நீ மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, "டெண்டர்தாரர்கள் ஆஜரா?" என்று கேட்டாய். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆஜர்ங்க துரை" என்றான். நீ வாசித்தாய். நான் எழுதியது கம்மி, மாமா எழுதியது ஜாஸ்தி. உடனே அவன், "அப்ப நான் அஞ்சு ரூவா கொறைச்சிக்கறேன் மாப்ள, எழுதிக்க" என்றான்.

"தொறந்த அப்புறம் கொறைக்க முடியாது மாமா."

"டேய், உனக்குக் காது குத்தறப்போ என் மடியிலதான்டா ஒக்காந்துக்கினு அழுத."

"அது வேற கமிட்டி மாமா."

நாம் மூன்று பேரும் அன்று சிரித்ததைப் போல இந்த வீட்டில் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சிரித்து ஓய்ந்தபின் மாமா கொஞ்சம் தயங்கிக் கேட்டான். "ஏன் மாப்ள, நெஜமாவே நீ நம்ம ஆபீசுக்கு வந்து, நான் தீபக் கட்டைக்குக் கவர் போட்டா இன்னா ஆவும்?" நீ விளையாட்டை விட்டுவிட்டுப் பதில் சொன்னாய். "நான் உங்க மருமகன்னு முதல்லயே எழுதிக் குடுத்துடணும் மாமா. அப்ப அந்த ஃபைல் எங்கிட்ட வரக் கூடாது. இந்த ஆபீசுல அதைப் பாக்கறது என் சீட்டு ஒண்ணுதான். அதனால எனக்கு இங்க போஸ்டிங்கே தர மாட்டாங்க." அவன் யோசிக்கவே இல்லை. "அப்ப நான் வுட்டுடறேன் போ. எங்கக்காவை விட சவுக்குக் கட்டை ஒசத்தியா?" என்றான். சொன்ன நேரத்தில் அவன் அதை மனதாரத்தான் சொன்னான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

அவனுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று உனக்கும் தெரியும். தீபத்துக்கு வருகிற ஜனத்தை வரிசையில் நிறுத்த மாட வீதிகளில் சவுக்குக் கட்டை நட்டு, குறுக்குக் கட்டை வைத்துக் கயிற்றால் கட்டித் தடுப்புப் போடுகிற வேலை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்தக் கட்டைதான் குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும். அவன் ஒவ்வொரு முடிச்சிலும் தன் உடம்பின் பாரத்தைப் போட்டுத் தொங்கிப் பார்ப்பான். நீ சின்னவனாக இருந்தபோது தேரடியில் என் கையை விட்டுவிட்டுக் காணாமல் போனாய். நான் பைத்தியம் பிடித்தவளைப் போலத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் நீ மாமா கட்டிய தடுப்பின் உச்சியில் ஏறி உட்கார்ந்து பொரி உருண்டை தின்றுகொண்டிருந்தாய். கீழே அத்தனை ஜனம் நெருக்கியும் அந்தக் கட்டை அசையவில்லை. "அது விழாதுக்கா, நான் கட்டினது" என்று மாமா சாவகாசமாகச் சொன்னான். உன் அப்பா போன பிறகு அந்தச் சொல்லை நான் பல தடவை நினைத்துக்கொண்டதுண்டு. ஆகவே மோசமான வேலைக்காரனைப் பற்றி நான் எழுதவில்லை. நல்ல வேலைக்காரனைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதனால்தான் பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது.

நீ சென்னைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் காலை அவன் வந்தான். உப்புமா வைத்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, ஒரு யோசனை பண்ணிக்கிறேன். கட்டை வேலைய கீழ்பென்னாத்தூர் மச்சான் பேர்ல போட்டுடறேன்."

அவன் மனைவியின் தம்பியைத்தான் சொல்கிறான். நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை. "அவனுக்குக் கட்டையைப் பத்தி என்னாடா தெரியும்?" என்றேன்.

"அவனுக்கு எதுக்குத் தெரியணும்? கையெழுத்துப் போடத் தெரியும்ல. பேரு அவன்து, வேலை நம்மளுது."

"விட்டுடறேன்னு புள்ளகிட்ட சொன்னியே."

"சொன்னேன். அடி அண்ணாமலைல மலை மாதிரி கட்டை அடுக்கி வெச்சிருக்கேன். அத்த இன்னா அடுப்புலயா வெக்கறது? நம்மள நம்பி பசங்க இருக்கானுங்க. அவனுங்கள தீபத்தப்போ போயி பொரி விக்கச் சொல்றதா?"

"கதிருக்குத் தெரிஞ்சா?"

"அவனுக்கு எதுக்குக்கா தெரியணும்? நீ சொல்லுவியா, நான் சொல்லுவனா? புள்ள தெரியாம கையெழுத்துப் போட்டா அவன் மேல இன்னா தப்பு? நீ தனியா கெடக்கறதப் பாத்துட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரலக்கா. எல்லாம் உனக்காகத்தான்."

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் உப்புமா வைக்கட்டுமா என்று கேட்டேன். அவன் போனதும் உன் கட்டிலில் அடுக்கி வைத்திருந்த பழைய புத்தகங்களை இறக்கினேன். மெத்தையை வெயிலில் போட்டு, தடியால் தட்டித் தூசி போக்கினேன். மாலையில் கடைத்தெருவுக்குப் போனபோது உனக்குப் பிடித்த வடகம் வாங்கினேன். ஆளே இல்லாத வீட்டில் எதற்கு என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் மெத்தையைக் காயவைக்கிறாள் என்றால் அவள் என்ன பதில் சொல்லிவிட்டாள் என்று உனக்கே புரியும். காகிதத்தில் ஒரு குறையும் இருக்காது, கதிர். மாமா பெயர் எங்கேயும் வராது. கீழ்பென்னாத்தூர் பிள்ளை உனக்கு நெருங்கிய உறவு என்று எந்தச் சட்டமும் சொல்லாது. நீ மனதறிந்து பொய் சொன்னவனாக மாட்டாய். வேலையும் நன்றாக நடக்கும். நீ தினமும் மாலையில் வீட்டுக்கு வருவாய். யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

பதில் பாஷா பாய் உருவத்தில் வந்தது. மரக்கடை பாஷா பாயை உனக்கு நினைவிருக்கும். அவருடைய பெண் என் வகுப்பில் படித்தாள். ஒவ்வொரு வருஷமும் தீபக் கட்டைக்கு மாமாவுக்குப் போட்டியாக டெண்டர் போடுகிறவர் அவர் ஒருவர்தான். பல வருஷம் மாமாவுக்குக் கிடைக்கும், சில வருஷம் அவருக்கு. யாருக்குக் கிடைத்தாலும் மற்றவர் டீ வாங்கிக் கொடுப்பது அவர்களுக்குள் வழக்கம். அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன்.

"தம்பி நம்ம ஊருக்கே வருதாமே டீச்சர்ம்மா. ஏழுமலை சொல்லிச்சு. ரொம்ப சந்தோஷங்க. உங்களுக்கும் ஒரு ஆள் தொணை வேணும்ல."

"இன்னும் முடிவாகலீங்க பாய்."

"ஆயிடும், ஆயிடும். நல்லபடியா வரட்டும்." கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு எழுந்துகொண்டே சொன்னார். "நான் இந்த வருஷம் கட்டைக்குப் போடலீங்க."

"ஏன் பாய்?"

"அட, தம்பி ஒக்காந்திருக்கிற எடமாச்சே. நான் போயி கவரு போட்டா தம்பிக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். எதுக்குங்க."

"ஏழுமலை இந்த வருஷம் போடலியே பாய்" என்றேன். பழச் சீப்பைத் தட்டில் வைப்பதைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் சிரித்தார். அதில் குத்தலே இல்லை. "மச்சான் போடறாப்லயாமே. அதுவும் நல்லதுதாங்க. ஒடம்பப் பாத்துக்கங்க டீச்சர்ம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

எனக்கும் மாமாவுக்கும் மட்டும் இடையில் இருக்கிற ரகசியம் என்று நாங்கள் நினைத்தது, கடைத்தெரு முழுக்க முன்னமே தெரிந்திருக்கிறது. தெரியாதவன் நீ ஒருவன்தான். அது எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிட என்னை உறுத்தியது அவர் கோபப்படாமல் போனதுதான். சண்டை போட்டிருந்தால், 'இது நியாயமா டீச்சர்' என்று கேட்டிருந்தால், நான் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவர் எனக்காகச் சந்தோஷப்பட்டுவிட்டு, தன் பிழைப்பில் ஒரு பகுதியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

அன்று முழுக்க எனக்குச் சரோஜாவின் முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. உனக்கு அவளை நினைவிருக்காது. நீ என் வகுப்பில் ஐந்தாவது படித்த வருஷம், உன் பரீட்சைத் தாளை நான் திருத்துவதில்லை என்று முடிவு செய்து, பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்துவிடுவேன். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன். மனப்பாடப் போட்டி வந்தது. யார் யார் பேர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். நீ கை தூக்கினாய். வேறு ஒரு கையும் எழும்பவில்லை. சரோஜா உன்னைவிட நன்றாகச் சொல்லக் கூடியவள், எனக்குத் தெரியும். தனியே கூப்பிட்டு ஏன் பேர் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "கதிரு இருக்கான்ல டீச்சர்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, அதனால் துணி காயப்போடவில்லை என்பதைப் போலச் சொன்னாள். நான் எவ்வளவு நேர்மையாக மதிப்பெண் போட்டும் பிரயோசனம் இல்லை. அவள் வகுப்பில் உட்கார்ந்தபடியே வெளியே போய்விட்டாள். அடுத்த மாதம் உன்னை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். என்னோடு கைபிடித்து நடந்து வந்துகொண்டிருந்த பிள்ளையைத் தனியாக எதிர்ப்பக்கம் அனுப்பினேன். நீ தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய். ஏன் என்று உனக்கு அப்போது நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ இங்கே வந்து உட்கார்ந்தால் நடக்கப் போவதும் அதுதான். யாரும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில் நீ பெட்டியைத் திறப்பாய். உள்ளே ஒரே ஒரு கவர் இருக்கும். உங்கள் ஆசிரியர் சொன்னபடியே சத்தமாக வாசிப்பாய். கேட்பதற்கு அந்த அறையில் ஆள் இருக்காது. எல்லா விதியையும் நீ ஒழுங்காகக் கடைப்பிடித்திருப்பாய், ஆனால் அந்த விதிகள் யாருக்காக எழுதப்பட்டனவோ அவர் கடையில் உட்கார்ந்து மரம் இழைத்துக்கொண்டிருப்பார். உன் பாடப்புத்தகத்தில் இது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதிக்கொள். எங்கே வேலை பார்த்தாலும், பெட்டியைத் திறக்கும்போது வந்தவர்களை மட்டும் பார்க்காதே. யார் வரவில்லை என்று பார். ஏன் வரவில்லை என்று விசாரி.

மாமாவுக்குத் தெரியாமல் உனக்கு இதை எழுதக் கூடாது என்று தோன்றியது. அவன் வந்தபோது சொன்னேன். "நான் கதிருக்கு எல்லாத்தையும் எழுதப் போறேன்டா, ஏழுமலை." முதலில் அவன் நம்பவில்லை. பிறகு எழுந்து நின்றான்.

"எழுதினா அவன் வர மாட்டான். தெரியும்ல?"

"தெரியும்."

"பாய் வந்து அழுதானா உங்கிட்ட?"

"அழல. வாழைப்பழம் குடுத்துட்டுப் போனாரு."

"உன் புள்ள உன்னாண்ட வரணும்னு நான் நாயா அலையறேன். நீ ஊரானுக்காகப் புள்ளய வாணாம்ன்ற." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "எழுது. நல்லா எழுது. எழுதிட்டு தனியா கெட. அடுத்த வாட்டி ஜுரம் வந்தா உன் ரூல்ஸு வந்து செவுரு ஏறிக் குதிக்கும்."

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அவன் வீட்டுத் தூக்குச் சட்டி ஒன்று இங்கே இருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எடுக்கக்கூட வரவில்லை. சைக்கிள் மணி கேட்டால் அவனோ என்று நிமிர்ந்து பார்க்கிறேன். தெருவில் இத்தனை சைக்கிள் போகிறது என்பது இதற்கு முன் எனக்குத் தெரிந்ததில்லை.

இதை எழுதாமல் இருந்திருந்தால், நீ ஒன்றும் அறியாமல் சுத்தமான மனதோடு கையெழுத்துப் போட்டிருப்பாய். இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நீ போட மாட்டாய். உன்னை நான் அறிவேன். ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: மாமா விட்டுவிடவில்லை. ராமநாதபுரத்துக்கே சம்மதம் எழுதிக் கொடு. அங்கே தண்ணீர் உப்பாக இருக்கும் என்கிறார்கள், காய்ச்சிக் குடி. வெயிலில் குடை எடுத்துக்கொண்டு போகக் கூச்சப்படாதே. என்னைப் பற்றிக் கவலைப்படுவாய் என்று தெரியும். தினமும் கதவைத் தட்டி, நான் பதில் சொன்ன பிறகுதான் பால் ஊற்ற வேண்டும் என்று பால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் சரி என்றிருக்கிறார்.

நேற்று மரக்கடைக்குப் போனேன். நீ வரவில்லை என்றும், கவர் போடக் கடைசி நாள் இன்னும் தாண்டவில்லை என்றும் பாயிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்தார். "என்னாங்க டீச்சர்ம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அது மகிழ்ச்சியாக இல்லை. எனக்கும் இல்லை. நல்ல காரியம் செய்தால் மனம் நிறையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சில நேரம் நிறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி மாமா தன் சொந்தப் பெயரிலேயே, நிமிர்ந்து நின்று டெண்டர் போடலாம். கிடைத்தாலும் கிடைக்கும். உன்மேல் அவனுக்குக் கோபம் இல்லை, எல்லாம் என்மேல்தான். அவனைத் திருடன் என்று ஒரு நாளும் நினைத்துவிடாதே. என் தனிமையைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் குறுக்கு வழி தேடினான். அந்த வழியில் நானும் பாதி தூரம் நடந்திருக்கிறேன்.

தீபத்துக்கு லீவு கிடைத்தால் வா. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேரே இங்கே வந்துவிடாதே. முதலில் மாமா வீட்டுக்குப் போ. அவன் திட்டினால் வாங்கிக்கொள், எதிர்த்துப் பேசாதே. சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. அம்மா சமைத்து வைத்துக் காத்திருப்பாள் என்று பாதியில் எழுந்து வராதே. நான் காத்திருப்பேன். அவன் எப்படியும் உன்னைத் தனியாக நடக்க விட மாட்டான், சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்து விடுவான். உன்னை இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாலும் போகட்டும். வாசல் வரையாவது வருவான்.

உன் அம்மா